நோட்டுப் புத்தகச் சரஸ்வதி

1926 ஜூன் 14, திங்கள்

ஆறுதல்புரத்தில் இன்னும் மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் கலங்கல். போர்டிங் பிள்ளைகளில் நான்கு பேருக்குக் கண்நோய். இந்த லட்சணத்தில் நோட்டுப் புத்தகங்கள் தூத்துக்குடியிலிருந்து ஒரு வாரம் தாமதமாக வந்து சேர்ந்தன. ஒற்றைக்கோடு கேட்டால் இரட்டைக்கோடு அனுப்பியிருக்கிறான் கடைக்காரன். அட்டையில் படம் எதுவும் வேண்டாம் என்று மூன்று கடிதம் எழுதியிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்த நோட்டில் வீணையும் அன்னமுமாகச் சரஸ்வதி உட்கார்ந்திருக்கிறாள்.

திருப்பி அனுப்பினால் பிள்ளைகள் எதில் எழுதுவது? கொடுத்துவிட்டேன். மேலே பழுப்புத்தாள் சுற்றிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாம் வகுப்பு ஜெயமணி நோட்டை என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இது நீங்கதானே?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. வாசலில் நின்ற ரெபேக்காளும் சிரித்தாள். அவள் நான்காம் வகுப்பு ஆசிரியை. இரண்டாம் வகுப்பு வாசலில் அவளுக்கு என்ன வேலை என்று தலைமை ஆசிரியை என்ற முறையில் கேட்டேன். சாக்பீஸ் வாங்க வந்தாளாம்.

எனக்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூன் 15, செவ்வாய்

மறுபடி பார்த்தேன். ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூன் 19, சனி

காலை முழுவதும் கண்நோய்ப் பிள்ளைகளுக்கு மருந்து விட்டேன். ஒருத்தி கடித்துவிட்டாள்.

மத்தியானம் பூதக்கண்ணாடி வைத்து நோட்டு அட்டையைப் பார்த்தேன். யாரோ எண்ணெய் வர்ணத்தில் வரைந்த ஓவியத்தைப் பார்த்து, கட்டையில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்திருக்கிறார்கள். வர்ணம் எல்லாம் கோடாகிவிட்டது. கன்னம் கோடு, சேலை கோடு, அன்னம் கூடக் கோடு. அடியில் கடுகு போல ஒரு வரி: 'சித்திரம் எழுதியவர் சி. தாணு, கோட்டாறு'.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். தெரியும் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தூத்துக்குடிக்காரனுக்கு நான்காவது கடிதம் எழுதினேன்.

ஜூன் 23, புதன்

பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. காலையில் கீழத்தெருப் பெண்கள் ஆறு பேர் பிள்ளைகளோடு பள்ளி வாசலில் நின்றார்கள். இத்தனை வருஷமாகப் பெண் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று நான் வீடு வீடாக ஏறி இறங்கியபோது, "ஆடு மேய்க்க ஆள் வேணும்லா" என்று கதவைச் சாத்தியவர்கள் இவர்கள்தான். இன்று தாமாக வந்திருக்கிறார்கள். எதற்கு? நான் அவர்கள் பிள்ளைகளின் நாக்கில் எழுத வேண்டுமாம்.

"சரஸ்வதியம்மா இங்கயே இருக்கும்போது வேற எங்க போவோம்?" என்றாள் ஒருத்தி.

"நான் எப்சிபா. கிறிஸ்தவள். நாற்பத்திரண்டு வயது" என்றேன்.

"ஆமாம்மா, எல்லாம் தெரியும்" என்று சொல்லிக் காலில் விழுந்தாள்.

ஆறு பேரின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் வந்தால் விட முடியுமா? ஆனால் இதையெல்லாம் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து சபை மூப்பர் இயேசுவடியான் பார்த்துக்கொண்டிருந்தார். ரெபேக்காளின் மாமனார். அவர் சும்மா நிற்கிற ஆள் அல்ல.

ஜூன் 27, ஞாயிறு

ஆராதனையில் போதகர் தேவநேசம், விக்கிரகம் கூடாது என்கிற இரண்டாம் கற்பனையைப் பற்றிப் பிரசங்கித்தார். ஒன்றே கால் மணி நேரம். 'செதுக்கப்பட்ட' என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணினேன். முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் என் முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். அவர்களுக்குச் சுளுக்கு வர வேண்டும் என்று ஜெபித்தேன். அதற்காகவும் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 2, வெள்ளி

மிஸ் ஹார்வுட் பங்களாவுக்கு வரச் சொன்னார். அவர்தான் பள்ளியின் மேலாளர். நல்லவர். அவர் தமிழ்தான் வேதபுத்தகத்தை விட்டு வெளியே வராது.

"எப்சிபா, மூப்பர் மிகவும் கலங்கியிருக்கிறார். பத்தாம் தேதி பள்ளிக் குழு கூடும். நீர் பயப்பட வேண்டுவதில்லை. நான் ஒரு காகிதம் ஆயத்தம்பண்ணினேன். அதிலே கையொப்பம் வைத்தால் போதுமானது."

காகிதத்தைப் படித்தேன். கோட்டாறு தாணு என்ற ஓவியன் என் அறிவும் சம்மதமும் இல்லாமல் என் முகத்தைத் திருட்டுத்தனமாக வரைந்து, புறமதத் தெய்வங்களின் படமாக விற்றுவிட்டான் என்று இருந்தது. திருநெல்வேலி வக்கீல் மூலமாக இதை அச்சாபீசுக்கு அனுப்புவார்களாம். அச்சாபீஸ் படத்தை நிறுத்திவிடும். நான் ஒரு குற்றமும் இல்லாதவள் ஆகிவிடுவேன்.

"யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன்.

மிஸ் ஹார்வுட் ஆச்சரியமாகப் பார்த்தார். "இதிலே யோசிக்கிறதற்கு என்ன உண்டு?"

அதுதான் எரிச்சல். யோசிக்க ஒன்றும் இருக்கக் கூடாதுதான்.

ஜூலை 3, சனி

கிணறு தூர் வார ஆள் வரவில்லை. காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, செவ்வாய்

மூன்றாம் பாடவேளையில், கதவருகே யாரோ நிற்கிறார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நாக்கில் எழுத இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று கோபமாகப் போனேன். முப்பத்தெட்டு, நாற்பது வயதுப் பெண். நாஞ்சில் நாட்டுச் சேலைக்கட்டு. கையில் குடை. காலெல்லாம் பஸ் ரோட்டுப் புழுதி. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

"நீங்கதான்" என்றாள். பிறகு, "ஒரு செம்பு தண்ணி கிடைக்குமா?" என்றாள்.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். பெயர் பகவதி. தாணுவின் மனைவி. அவருக்குக் கண் போய் நான்கு வருஷம் ஆகிறதாம். அதற்கு முன்பு வரைந்த படங்கள்தான் இன்னும் அச்சாகி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆறுதல்புரம் டீச்சர் கையெழுத்தோடு காகிதம் வரும் என்று இங்கிருந்து யாரோ முந்திக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்; அச்சாபீஸ்காரன் ஆள் விட்டுக் கேட்டானாம், முகம் திருட்டு முகமா என்று. அப்படி ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அவர் படம் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆள் படத்தைப் போடுவானாம்.

"கண்ணும் இல்லாம பேரும் இல்லாம ஒரு மனுசன் எப்பிடி இருப்பாவ?" என்றாள். அழவில்லை. வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

"என்னை எப்படி அடையாளம் தெரிந்தது?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"நல்லா கேட்டிய. நான் கல்யாணம் ஆயி வந்த அன்னைக்கே கூடத்துல லட்சுமியா நின்னிய. மறுவருசம் தமயந்தியா வந்திய. அப்புறம் பார்வதி. எல்லாச் சாமிக்கும் ஒரே மொகமா இருக்கேன்னு கேட்டேன். கை பழகிட்டுன்னு சொன்னாவ."

"உங்களை வரையவில்லையா?"

"ஒரே ஒரு தடவை. நளாயினி புருசனைக் கூடையில வச்சுச் சொமப்பாள்லா, அந்தப் படம். கூடையைப் பிடிச்ச கை என்னோடது." இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். "மொகம் உங்களோடது."

வகுப்பில் ஒரே இரைச்சல். உள்ளே போய் அதட்டிவிட்டு வந்தேன். அவள் அதற்காகவே காத்திருந்தவள் போலக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவிய உங்களுக்குத் தெரியாம வரைஞ்சாவளா? அப்பிடின்னா கையெழுத்துப் போடுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இல்லேன்னா போடாதீங்க."

மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. மணியை நான்தான் அடிக்க வேண்டும். அடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

ஜூலை 7, புதன்

குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது. சரிசெய்யக் கொடுத்தேன். மற்றவர்கள் குடைக்கெல்லாம் நான் பொறுப்பு.

ஜூலை 10, சனி

குழு கூடியது. ஐந்து ஆண்கள், மிஸ் ஹார்வுட், நான். மூப்பர் ஒரு துணி மூட்டையை அவிழ்த்து மேஜையில் பரப்பினார். கூந்தல் தைலக் குப்பியில் தமயந்தி. துணிக்கட்டு லேபிளில் லட்சுமி. ஊதுபத்திக் கூட்டில் ராதை. காலண்டரில் பார்வதி, மடியில் பிள்ளையாரோடு. கல்யாணமே ஆகாத எனக்கு மடியில் ஒரு பிள்ளை. எல்லாம் செதுக்கி அச்சடித்தவை. எல்லாவற்றிலும் நான்.

ஐந்து பேரும் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "மூக்கைப் பாரும்" என்றார் ஒருவர். "மூக்கு சரிதான், தாடைதான் சந்தேகம்" என்றார் இன்னொருவர். மாட்டுத் தரகர்களும் பல்லைப் பார்த்தவுடன் விட்டுவிடுவார்கள். இவர்கள் கால் மணி நேரம் பார்த்தார்கள். மூப்பர் தைலக் குப்பியை என் காதருகே பிடித்துப் பார்த்தபோது, "ஐயா, அதைத் திறந்து மோந்தும் பார்த்துவிடுங்கள்" என்றேன். மிஸ் ஹார்வுட் இருமினார்.

பிறகு அவர், நான் கொண்டுபோயிருந்த அந்தக் காகிதத்தைப் பிரித்து என் முன்னால் தள்ளி வைத்தார். பேனாவையும் வைத்தார்.

போதகர் மென்மையாகத்தான் பேசினார். "எப்சிபாம்மா, நம்ம எல்லாருக்கும் உங்களைத் தெரியும். அநாதையா வந்து இந்தப் போர்டிங்லயே வளந்தவுக. ஒரு கையெழுத்து. நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்."

எனக்கும் வீட்டுக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. காகிதத்தைத் திருப்பித் தள்ளினேன்.

"இதில் எழுதியிருப்பது நிஜமில்லை. அவர் திருடவில்லை. என்னைக் கேட்டுத்தான் வரைந்தார். சரஸ்வதி என்று சொல்லித்தான் வரைந்தார். வீணைக்குப் பதிலாகத் தையல் அறைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்தேன்."

சொல்ல ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்காம் வருஷம் மே மாதம். மிஷன் பெரிய துரையின் படத்தை வரையத் தாணு வந்திருந்தார். எனக்கு இருபது வயது. துரையின் படம் காய்கிற வரைக்கும் அவருக்கு வேலை இல்லை.

"கதவு திறந்திருந்துதா?" என்றார் மூப்பர்.

"திறந்திருந்தது. பிள்ளைகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்."

"எத்தனை நாளு?"

"பதினொரு நாள்."

போதகர்தான் கடைசியாகக் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "எதுக்கும்மா உக்காந்தீங்க?"

"உட்காரச் சொன்னார், ஐயா. ஐந்து வயதில் இந்தப் போர்டிங்குக்கு வந்தேன். தண்ணீர் எடு என்றார்கள், துணி துவை என்றார்கள், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றார்கள். எல்லாம் செய்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதுவரைக்கும் யாரும் என்னை உட்கார் என்று சொன்னதில்லை. அந்த மத்தியானங்களில் என்னிடம் ஒருவரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. அதனால் உட்கார்ந்தேன்."

மிஸ் ஹார்வுட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூப்பர் படங்களை மூட்டை கட்டினார். பார்வதி கசங்கிவிட்டாள்.

ஜூலை 11, ஞாயிறு

சரியாகச் சொன்னால் பதினான்கு நாள். மூன்று நாள் அவர் தூரிகையை எடுக்கவில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தோம். குழு கேட்டது வரைந்த நாட்களைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 12, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. ரெபேக்காள் தலைமை ஆசிரியை. நான் முதல் வகுப்புக்கு. சபை முன்னால் எழுந்து நின்று, செய்தது தப்பு என்று மனஸ்தாபம் சொன்னால் அடுத்த வருஷம் மறுபடி யோசிப்பார்களாம்.

மிஸ் ஹார்வுட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனஸ்தாபம் என்று ஒரு வார்த்தை மாத்திரம், எப்சிபா" என்றார்.

"இரட்டைக்கோடு நோட்டை வாங்கியதற்கு மனஸ்தாபப்படுகிறேன் அம்மா. மற்றதற்கு வரவில்லை."

வக்கீல் காகிதம் அனுப்பப்படவில்லை. அதை அவர் என் கண்ணெதிரே கிழித்தார்.

சாவிக்கொத்தை ரெபேக்காளிடம் கொடுத்தேன். எந்தச் சாவி எதற்கு என்று மூன்று தடவை சொல்லியும் புரியவில்லை. பதினாறு வருஷம் இடுப்பில் இருந்தது. நடக்கும்போது சத்தமே இல்லை, யாரோ பின்னால் வருவதை நிறுத்திவிட்ட மாதிரி.

ஜூலை 19, திங்கள்

முதல் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இன்று நாற்பத்தேழு. கீழத்தெரு, மேலத்தெரு, பக்கத்து ஊர்கள் எல்லாம் கிளம்பி வந்துவிட்டன. தலைமை ஆசிரியையாக இருந்தால் ஆபீசில் உட்கார்ந்திருப்பேன். முதல் வகுப்பில் என்றால் பிள்ளைக்கு முதல் எழுத்தை நானே கையைப் பிடித்து எழுத வைப்பேன் அல்லவா? குழு எனக்குத் தண்டனை கொடுத்ததாக நினைத்தது. கீழத்தெருக்காரிகள் தங்களுக்காக ஏற்பாடு செய்ததாக நினைக்கிறார்கள்.

வாசலில் யாரோ தேங்காய் உடைத்திருந்தார்கள். ரெபேக்காள் ஓடி வந்து, "அக்கா, இதுக்கு நான் மாமாகிட்ட என்ன சொல்ல?" என்று கையைப் பிசைந்தாள். முகமெல்லாம் வேர்வை. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. "துண்டு துண்டாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடு" என்றேன்.

நாற்பத்தேழு மூக்கு. துடைத்தே மத்தியானம் ஆகிவிட்டது.

ஜூலை 25, ஞாயிறு

நேற்றுக் கோட்டாறு போய்வந்தேன். குடையைக் கொடுக்கத்தான் போனேன். தபாலில் குடை அனுப்ப முடியாது. நீலக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டது மற்றதெல்லாம் வண்ணானிடம் இருந்ததால்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். ஆரல்வாய்மொழியில் டயர் வெடித்தது. வீட்டைக் கண்டுபிடித்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பகவதி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "ஆறுதல்புரத்துல இருந்து ஒரு டீச்சரம்மா வந்திருக்காவ" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கண் திறந்துதான் இருந்தது, என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தது.

"ஆறுதல்புரமா? அங்க எப்சிபான்னு ஒரு பிள்ளை இருந்துது. தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"அவ படம் நோட்டுல வந்திருக்குல்லா? அதைப் பாத்துட்டு அவதான்னு சொல்லிராதிய." எழுந்து உட்கார்ந்துவிட்டார். குரலில் அத்தனை கோபம். "மெட்ராசுல ஒரு பய செதுக்கினான். பாவி, கெடுத்துட்டான். எண்ணெயில நான் வரைஞ்சது இருபது வயசுப் பிள்ளை. சிரிக்கதுக்கு ஒரு நிமிசம் முந்தி எப்பிடி இருக்கும், அப்பிடி வரைஞ்சிருந்தேன். அதை ஒரு கோட்டுல பிடிக்கத் தெரியாம, வாயை இழுத்து இறுக்கிட்டான். நெத்தியில மடிப்பு. நாப்பது வயசு ஆக்கிட்டான்! சரஸ்வதியாவா இருக்கா? நோட்டைத் திருத்தப்போற வாத்திச்சி மாதிரி இருக்கா. பகவதிதான் அச்சைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொன்னா."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இருபது வயது முகத்தை யாருக்கும் தெரிந்திருக்காது. மெட்ராஸில் எவனோ கைத்தவறுதலாகச் செதுக்கிய கடுகடுப்புத்தான் ஜெயமணிக்குத் தெரிந்தது, மூப்பருக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நானாக அந்தத் தவறுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

"அசல் படம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஒரு ஜமீன்ல வாங்கினாவ. கரையான் தின்னுட்டுன்னு சொன்னாவ." கையால் காற்றைத் தள்ளினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தப் பிள்ளை இப்ப என்னவா இருக்கு?"

"தலைமை ஆசிரியை."

"ஓ. அச்சாபீசுக்காரன் என்னமோ காயிதம் வரும்னான், வரல. அந்தப் படத்தால அவளுக்கு ஏதும் சங்கடம் வந்துதா?"

"ஒரு சங்கடமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். பிள்ளைகள் எல்லாம் ஆசையாக வைத்திருக்கிறார்கள்."

குழுவின் முன்னால் பேனாவைக் கையில் கொடுத்தும் சொல்லாத பொய்யை இங்கே வரிசையாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அடுக்களையில் பகவதி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எப்சி" என்றார். "பொய் சொல்லும்போது உன் குரல் ஒசந்துக்கிட்டே போவும். எங்கூட வாறதுக்கு மனசில்லைன்னு அன்னைக்கு நீ சொன்னப்பவும் இப்பிடித்தான் போச்சு."

பாத்திரச் சத்தம் நின்றது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பகவதி காப்பி கொண்டு வந்து மூன்று பேருக்கும் ஊற்றினாள். அவர் கையைப் பிடித்து டம்ளரில் வைத்தாள். குடித்தோம். காப்பியில் சீனி அதிகம்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவளும் வந்தாள். பாதி வழியில் வெடித்தாள்.

"அடுத்த தடவை வரும்போது 'நான்தான் எப்சிபா'ன்னு சொல்லிட்டு உள்ள நுழையுங்க. நீங்க செருப்பைக் கழத்தும்போதே அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவிய மொகத்தைப் பாத்தா எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நாடகம் ஆடுதிய, நான் நடுவுல ஒண்ணும் தெரியாதவ மாதிரி பானையைத் தேய்க்கணும். உங்க வேலை போயிட்டுன்னாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பள்ளிக்கூடத்துல நான் பாத்தப்ப இடுப்புல இம்மாம் பெரிய சாவிக்கொத்து இருந்துது."

பஸ் வந்தது. என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நளாயினி படத்தில் கூடையைப் பிடித்திருக்கும் கை என்று இப்போது தோன்றுகிறது. நேற்று அவள் பிடித்தபோது வலித்தது, அவ்வளவுதான். அத்தனை அழுத்தம்.

அடுத்த தடவை என்று யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. முதல் வகுப்பில் நாற்பத்தேழு பிள்ளைகள் இருக்கிறார்கள், தலைக்கு மேல் வேலை. செப்டம்பர் விடுமுறை பதினெட்டாம் தேதி தொடங்குகிறது. காலை பஸ் ஏழு மணிக்கு.